பழைய அடிதடி கேஸ், கனடா விசா: ‘இல்லை’ என்று போடலாமா?

திங்கள்சந்தை ரப்பர்காரன் (இழையைத் தொடங்கியவர்)

எல்லாருக்கும் வணக்கம். இங்கே படிக்க மட்டும் வருகிறவன், எழுதுவது இதுதான் முதல் தடவை. வயது 58. மகள் பிராம்ப்டனில் இருக்கிறாள், ஜனவரியில் பிரசவம். எனக்கும் வீட்டுக்காரிக்கும் விசிட்டர் விசா போட வேண்டும். பாஸ்போர்ட், பேங்க் ஸ்டேட்மென்ட், மகளின் அழைப்புக் கடிதம் எல்லாம் தயார். ஒரே ஒரு கேள்வியில் வந்து வண்டி நின்றுவிட்டது.

எந்த நாட்டிலாவது எப்போதாவது குற்றம் செய்தது, கைதானது, வழக்குப் பதிவானது, தண்டனை பெற்றது உண்டா என்று கேட்கிறார்கள். எனக்கு ஒன்று உண்டு. 2012-ல் பக்கத்து விளைக்காரருக்கும் எனக்கும் வேலித் தகராறு. அவருடைய பலாமரக் கொம்பு என் ரப்பர் ஷீட் உணத்துகிற கொடிக்கு மேலே சாய்ந்து நின்றது. சொல்லிப் பார்த்தேன், கேட்கவில்லை, வெட்டினேன். வாய்ப்பேச்சு முற்றிக் கைகலப்பாகிவிட்டது. அவர் ஸ்டேஷனுக்குப் போனார், பின்னாலேயே நானும் போனேன். ஆளுக்கொரு எஃப்.ஐ.ஆர். அன்று சாயங்காலமே ஸ்டேஷன் ஜாமீன்.

இரண்டு வருஷம் வாய்தா வாய்தாவாக அலைந்தோம். 2014 ஜூலையில் வக்கீல், “ஒத்துக்கிட்டு ஃபைனைக் கட்டிருங்க அண்ணாச்சி, இன்னைக்கே முடிஞ்சிரும்” என்றார். ஆளுக்கு 1,500 ரூபாய் கட்டினோம். வெளியே வந்து இரண்டு பேரும் ஒரே கடையில் டீ குடித்தோம். காசு அவர்தான் கொடுத்தார். இப்போது நாங்கள் ஊருக்குப் போனால் வீட்டுச் சாவி அவர் கையில்தான்.

விசா ஏஜென்ட் சொல்கிறார், “அதெல்லாம் பெட்டி கேஸ், ‘இல்லை’ன்னு போடுங்க, கனடாக்காரன் திங்கள்சந்தைக்கு வந்தா பாக்கப்போறான்?” மகள் வேண்டாம் என்கிறாள். எனக்குத் தூக்கம் இல்லை. விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

கோட்டாறு மசாலா

அண்ணாச்சி, ஏஜென்ட் சொன்னது சரிதான். என் மச்சானுக்கும் இதே மாதிரி கேஸ். மூன்று தடவை வெளிநாடு போய் வந்துவிட்டான், ஒருத்தரும் கேட்கவில்லை. போலீஸ் கிளியரன்ஸ் சர்டிஃபிகேட் 500 ரூபாய் கட்டி எடுங்கள், கிளீனாக வந்தால் அதுவே போதும்.

கல்ஃப் ரிட்டர்ன் 98

மசாலா தம்பி, மச்சான் எந்த நாடு போனார் என்று சொல்லவில்லையே. கல்ஃப் என்றால் அது வேறு கணக்கு. அங்கே வேலி கேஸை யாரும் தோண்ட மாட்டார்கள், அவர்களுக்கு வேண்டியது அவர்கள் நாட்டில் நீ என்ன செய்தாய் என்பது. நான் 19 வருஷம் ஷார்ஜாவிலும் துபாயிலும் இருந்தவன். எங்கள் கேம்ப்பில் கருங்கல் பக்கத்துக்காரர் ஒருவர் இருந்தார். முதல் கம்பெனியில் ஓடிப்போன ஆளாக எழுதி, பிடித்து நாடுகடத்தி விட்டார்கள். ஊருக்கு வந்து பெயரில் ஒரு எழுத்தை மாற்றி, அப்பா பெயரை முன்னால் போட்டு, புது பாஸ்போர்ட்டில் திரும்ப வந்தார். ஏர்போர்ட்டில் கண்ணைக் கேமராவில் காட்டச் சொன்னார்கள். பெயரை மாற்றலாம், கண்மணியை மாற்ற முடியாதே. அடுத்த ஃபிளைட்டில் திருவனந்தபுரம். கையில் அவர் கொண்டுவந்த நேந்திரங்காய் சிப்ஸ் பொட்டலத்தைக்கூடப் பிரிக்கவில்லை.

இன்னொன்றும் சொல்கிறேன். துபாயில் செக் திரும்பி, கேஸை அப்படியே விட்டுவிட்டு ஊருக்கு வந்தவர்கள் நம் மாவட்டத்தில் நிறையப் பேர். 2022 ஜனவரியிலிருந்து பணமில்லாமல் திரும்பும் செக்குக்கு அங்கே பெரும்பாலும் சிவில் வழிதான், ஜெயில் இல்லை. ஆனால் அதற்கு முந்தைய கேஸ், பயணத் தடை எல்லாம் தானாக அழிந்துவிடாது. டிக்கெட் எடுக்கும் முன்னால் அங்கே ஒருவரை வைத்துப் பார்த்துவிடுங்கள்.

தக்கலை வக்கீல்

இழையைத் தொடங்கிய அண்ணாச்சிக்கு. நான் கிரிமினல் பக்கம் பிராக்டிஸ் செய்கிறேன். நம் ஊரில் தொண்ணூறு பேருக்குத் தெரியாத ஒரு விஷயம் இது: குற்றத்தை ஒத்துக்கொண்டு ஃபைன் கட்டினால் அது தண்டனை. கேஸ் ‘முடிந்தது’ என்று நாம் சொல்கிறோம், ஆனால் ரிஜிஸ்டரில் எழுதியிருப்பது ‘குற்றவாளி, அபராதம்’. அது 1,500 ரூபாயா ஒன்றரை லட்சமா என்பது வேறு விஷயம்.

உங்கள் எஃப்.ஐ.ஆரில் பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் வழக்கமான மூன்று பிரிவுதான் இருந்திருக்கும்: 294(பி), 323, 506. கெட்ட வார்த்தை பேசி, கையால் அடித்து, கொலை மிரட்டல் விடுத்து. எழுத்தர் மனப்பாடமாக எழுதுவார். சண்டையில் யார் என்ன பேசினார்கள் என்பதெல்லாம் அவருக்குத் தேவையே இல்லை.

அன்றைக்கு இரண்டு பேரும் டீ குடிக்கிற அளவுக்குச் சமாதானமாக இருந்தீர்கள் அல்லவா? 323-ஐ ராஜி செய்திருக்கலாம். பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 320-வது பிரிவுப்படி ராஜி என்றால் விடுதலை என்று அர்த்தம். 294(பி) ராஜியாகாது, அதற்கு உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையில் மனுப் போட்டு ரத்து செய்ய வேண்டும். செலவும் அலைச்சலும் உண்டு, அதனால்தான் எங்கள் ஆட்களே ‘ஃபைன் கட்டிருங்க’ என்று சொல்லிவிடுகிறோம். இதில் எங்கள் தொழில்மேலும் தப்பு இருக்கிறது, மறைக்க ஒன்றும் இல்லை.

ஆனால் ராஜியே ஆகியிருந்தாலும் அந்தக் கேள்விக்குப் பதில் ‘ஆம்’தான். கைதானது, வழக்குப் பதிவானது என்றும் சேர்த்துத்தானே கேட்கிறார்கள். ஸ்டேஷன் ஜாமீன் என்றாலே கைது செய்து விட்டதாகத்தான் பேப்பரில் இருக்கும்.

போலீஸ் கிளியரன்ஸ் பெரும்பாலும் கிளீனாக வரும், அது உண்மைதான். 2014-ல் முடிந்த கேஸ் நிலுவையில் இல்லை. ஆனால் அந்தச் சான்றிதழ் ஒரு கேள்விக்குப் பதில், விசா படிவம் கேட்பது இன்னொரு கேள்வி.

ஸ்கார்பரோ சுண்டல்

நான் இரணியல் பக்கம், இங்கே கனடாவுக்கு வந்து பதினாலு வருஷம். இமிக்ரேஷன் ஆபீஸ் ஒன்றில் பேப்பர் வேலை செய்கிறேன், லைசென்ஸ் வாங்கிய ஆலோசகர் இல்லை. அதை மனதில் வைத்துப் படியுங்கள்.

கனடாக்காரர்கள் உங்கள் 323-ஐ 323-ஆகப் பார்க்க மாட்டார்கள். அதே செயலைக் கனடாவில் செய்திருந்தால் எந்தக் குற்றம், அதற்கு அதிகபட்சம் எத்தனை வருஷம் என்று பார்ப்பார்கள். நீங்கள் கட்டிய ஃபைன் தொகைக்கு அங்கே மதிப்பில்லை. கையால் அடித்தது இங்கே சாதாரணத் தாக்குதல், 266-வது பிரிவு, அதிகபட்சம் ஐந்து வருஷம். கம்பு, கத்தி, கல் என்று ஏதாவது எழுதியிருந்தால் 267, பத்து வருஷம். அந்த ஒரு சொல்லில் எல்லாம் மாறிவிடும். அண்ணாச்சி, கொம்பு வெட்டிய வெட்டுக்கத்தி எஃப்.ஐ.ஆரில் எங்காவது வருகிறதா என்று முதலில் பாருங்கள்.

வரவில்லை என்றால் உங்களுக்கு நல்ல செய்தி. அதிகபட்சம் பத்து வருஷத்துக்குக் கீழே உள்ள ஒரே ஒரு குற்றம், தண்டனை முழுக்க முடிந்து பத்து வருஷம் கடந்து, நடுவில் வேறு தண்டனை இல்லை என்றால், தானாகவே திருந்தியவராகக் கருதுவார்கள். தனி மனு வேண்டாம், ஆனால் முடிவு அதிகாரி கையில். பத்து வருஷம் எண்ணுவது சண்டை நடந்த நாளிலிருந்து இல்லை, ஃபைன் கட்டிய நாளிலிருந்து. உங்களுக்கு 2024 ஜூலையோடு கடந்துவிட்டது.

பத்து ஆகவில்லை, ஐந்து ஆகிவிட்டது என்றால் மறுவாழ்வு மனு என்று தனியாகப் போட்டுக் காத்திருக்க வேண்டும். அதற்கும் முன்னால் அவசரமாக வர வேண்டும் என்றால் தற்காலிக அனுமதி கேட்கலாம், கொடுப்பார்களா என்பது காரணத்தைப் பொறுத்தது.

‘இல்லை’ என்று போட்டு மாட்டினால், கேஸை விடுங்கள், பொய்க்காகவே ஐந்து வருஷம் கனடாப் பக்கம் எந்த விசாவும் கிடையாது. உண்மையைச் சொன்னால் கதவு திறந்திருக்கிற ஆளைப் பொய் சொல்ல வைத்துப் பூட்டுகிறார் அந்த ஏஜென்ட்.

கோட்டாறு மசாலா

எல்லாம் சரி சுண்டல் அண்ணா, அவனுக்கு எப்படித் தெரியும்? இந்தியா லிஸ்ட் கொடுக்கிறதா என்ன?

ஸ்கார்பரோ சுண்டல்

விசிட்டர் விசா கொடுக்கும்போது பெரும்பாலும் தெரியாது. அதை மறைத்துச் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் நம் ஊர் கோர்ட்டுகளின் இ-கோர்ட்ஸ் தளத்தில் மாவட்டம், கோர்ட், வருஷம், பெயர் போட்டால் யாரும் பார்க்கலாம். அதைவிட, இன்றைக்கு ‘இல்லை’ போட்டு வந்த அப்பாவுக்கு நாலு வருஷம் கழித்து மகள் நிரந்தர வாசத்துக்கு (பி.ஆர்.) ஸ்பான்சர் செய்வாள். அப்போது பழைய ஃபைலை எடுத்து வைத்துக்கொண்டு ஒவ்வொரு பதிலாக ஒத்துப் பார்ப்பார்கள். அதோடு, யாராவது கோபக்காரச் சொந்தக்காரர் ஒரு மெயில் தட்டினாலும் போதும். நம் ஊரில் அதற்கா பஞ்சம்?

மார்த்தாண்டம் தேனீ

இழையைத் திருப்புகிறேன், மன்னிக்கவும். எனக்கு அடிதடி எதுவும் இல்லை. 2023-ல் குழித்துறை பாலத்துக்கு இந்தப் பக்கம் பைக்கில் ஊதச் சொன்னார்கள், கோர்ட்டில் 10,000 கட்டினேன். ஹெல்மெட் ஃபைன் மாதிரிதானே இதுவும்? கனடாவில் மேற்படிப்புக்குப் போடப் பார்க்கிறேன்.

ஸ்கார்பரோ சுண்டல்

தேனீ தம்பி, மனதைத் திடப்படுத்திக்கொள். அண்ணாச்சியின் அடிதடியைவிட உன் பைக் கேஸ்தான் பெரிது. 2018 டிசம்பர் 18 முதல் இங்கே குடித்து ஓட்டுவதற்கு அதிகபட்சம் பத்து வருஷம் ஆக்கிவிட்டார்கள். அதனால் அது கடுமையான குற்றப் பட்டியலில் போய்விட்டது. எத்தனை வருஷம் ஆனாலும் ‘தானாகத் திருந்தியவர்’ சலுகை கிடையாது. ஐந்து வருஷம் முடிந்தபின் மறுவாழ்வு மனுதான் வழி, உனக்கு அது 2028. அதற்கு முன் தற்காலிக அனுமதி கேட்கலாம், படிப்புக்காக அதைக் கொடுப்பது அபூர்வம். நாடு ஒன்றுதான் என்று பிடிவாதம் பிடிக்காதே.

மார்த்தாண்டம் தேனீ

இரண்டு பியருக்கா?

முளகுமூடு சிஸ்டர்

இரண்டு பியரோ இரண்டு குப்பியோ, மெஷின் காட்டுவதுதான் கணக்கு தம்பி. நான் லீட்ஸில் நர்ஸ். இங்கிலாந்து கொஞ்சம் வேறு மாதிரி. பன்னிரண்டு மாதமோ அதற்கு மேலோ சிறைத் தண்டனை என்றால் விசா கிடையாது. சிறையில்லாத ஃபைன் என்றால் விசிட்டராக வருகிறவர்களுக்குத் தண்டனை தேதியிலிருந்து பன்னிரண்டு மாதம் கழிந்திருக்கிறதா என்று பார்க்கிறார்கள். அதற்குப் பிறகும் அதிகாரி நினைத்தால் மறுக்கலாம், ஆனால் கட்டாய மறுப்பு இல்லை. பொய் சொல்லிப் பிடிபட்டால் இங்கே பத்து வருஷம். எங்கள் வார்டில் ஒரு பையனின் அம்மாவுக்கு அப்படித்தான் ஆனது, பேரப்பிள்ளை பள்ளிக்கூடம் போய்விட்டது, பாட்டி இன்னும் வரவில்லை.

ஆஸ்திரேலியாவில் என் நாத்தனார் இருக்கிறாள். அங்கே எல்லாத் தண்டனையையும் கூட்டிப் பன்னிரண்டு மாதச் சிறை வந்தாலே குணநலச் சோதனையில் விழுந்துவிடுவோமாம். ஃபைன் அதில் சேராது. ஆனால் பிளேனில் கொடுக்கிற அட்டையிலேயே தண்டனை உண்டா என்று ஒரு கட்டம் இருக்கும். தூக்கக் கலக்கத்தில் எல்லாவற்றுக்கும் ‘இல்லை’ என்று கோடு இழுத்துவிடாதீர்கள்.

தூத்தூர் அலை

நாங்கள் ஆழ்கடல் தொழில். எங்கள் கேஸ் உங்கள் லிஸ்டில் வராது. சில வருஷம் முன்னால் சூரைக்குப் போன எங்கள் போட் எல்லை தாண்டிவிட்டது என்று இந்தியப் பெருங்கடலில் பிரிட்டிஷ்காரர்கள் வைத்திருந்த டீகோ கார்சியா தீவுப் பக்கம் பிடித்தார்கள். 2010-லேயே பிரிட்டிஷ்காரர்கள் அந்தக் கடலில் மீன்பிடிக்கக் கூடாது என்று அறிவித்துவிட்டார்கள், காற்றும் நீரோட்டமும் அதைக் கேட்குமா? போட்டை ஓட்டுகிற ஸ்ராங்குமேல்தான் கேஸ், ஃபைன். நாங்கள் பத்துப் பேர் தொழிலாளிகள், ஃபோட்டோ எடுத்தார்கள், கைரேகை எடுத்தார்கள், சாப்பாடு போட்டார்கள், விட்டுவிட்டார்கள். இப்போது எனக்கு இங்கிலாந்தில் ஒரு மீன்பிடிப் போட்டில் வேலைக்கு ஆள் கேட்கிறார்கள். என்ன போட வேண்டும்?

தக்கலை வக்கீல்

அலை, உங்கள்மேல் குற்றம் சாட்டவில்லை என்றால் ‘தண்டனை’ என்ற கேள்விக்கு ‘இல்லை’. ஆனால் தடுத்து வைத்தது, கைதானது பற்றித் தனியாகக் கேட்டால் அதை விளக்கி எழுதுங்கள். நடந்தது பிரிட்டிஷ் ஆட்சிக்குட்பட்ட கடல், விசா கேட்பதும் பிரிட்டனிடம். கைரேகை அவர்களிடமே இருக்கிறது என்று வைத்துக்கொண்டு எழுதுவதுதான் புத்தி. போட் ஓனரிடம் அந்தத் தீர்ப்பின் நகல் இருக்கும். அதில் உங்கள் பெயர் குற்றவாளியாக இல்லை என்பதே உங்களுக்குச் சாட்சி. வாங்கி வையுங்கள். ஸ்ராங்கு நிலைமை வேறு, அவர் ‘ஆம்’ என்றுதான் போட வேண்டும்.

குளச்சல் கடலோடி

வக்கீல் சார், என் பிரச்சினை விசாவுக்கும் முன்னால். ஒக்கி புயல் சமயம் 2017 டிசம்பரில் குழித்துறை ரயில் மறியலில் இருந்தேன். எஃப்.ஐ.ஆரில் ‘மற்றும் கண்டால் அடையாளம் தெரியும் நபர்கள்’ என்று போட்டார்கள். பாஸ்போர்ட் ரினியூவலுக்குப் போட்டால் மதுரையில் நிறுத்திவிடுவார்களா?

தக்கலை வக்கீல்

முதலில் உங்கள் பெயர் உண்மையிலேயே குற்றப்பத்திரிகையில் இருக்கிறதா என்று பாருங்கள். எஃப்.ஐ.ஆர். மட்டும் இருந்து, கோர்ட் இன்னும் வழக்கைக் கோப்பில் எடுக்கவில்லை என்றால், பாஸ்போர்ட் சட்டத்தின் 6(2)(எஃப்) சொல்லும் ‘நிலுவை வழக்கு’ அது இல்லை என்று சென்னை உயர் நீதிமன்றம் பல தடவை சொல்லியிருக்கிறது. வழக்கு எண் ஆகிவிட்டது என்றால் அந்தக் கோர்ட்டிலேயே அனுமதி மனு போடுங்கள். 1993 ஆகஸ்ட் 25 அறிவிக்கைப்படி, கோர்ட் அனுமதித்தால் பாஸ்போர்ட் உண்டு.

இதில் ஒரு நெளிவு இருக்கிறது. எத்தனை வருஷத்துக்கு என்று கோர்ட் உத்தரவில் எழுதாமல் விட்டால் ஒரு வருஷ பாஸ்போர்ட்தான் வரும். ஆறு மாதம் மீதி இருக்க வேண்டும் என்று கேட்கிற நாடுகளுக்கு அதை வைத்து என்ன செய்வது? அதனால் மனுவிலேயே ‘பத்து வருட காலத்துக்கு’ என்று கேளுங்கள். தருவதும் குறைப்பதும் மாஜிஸ்திரேட் விருப்பம்.

படிவத்தில் மறைக்காதீர்கள். பாஸ்போர்ட் சட்டத்தின் 12-வது பிரிவில் இரண்டு வருஷம் வரை சிறை, அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். மறியலுக்குப் போனவன் பொய்க்காக உள்ளே போகக் கூடாது.

அமெரிக்காவையும் ஒருவர் தனிச் செய்தியில் கேட்டார், இங்கேயே சொல்லிவிடுகிறேன். அவர்கள் படிவம் கைதையும் கேட்கிறது, மன்னிப்பு கிடைத்திருந்தாலும் சொல்லச் சொல்கிறது. சாதாரண அடிதடி பெரும்பாலும், அவர்கள் விசாவைத் தடுக்கும் ‘ஒழுக்கக்கேட்டுக் குற்றம்’ என்ற வகையில் வராது. திருட்டு, மோசடி வரும். கஞ்சா கேஸ் என்றால் சின்னப் பொட்டலமாக இருந்தாலும் தனிச் சிக்கல்.

திங்கள்சந்தை ரப்பர்காரன்

எல்லாருக்கும் நன்றி. ‘ஆம்’ என்றே போடுவதாக முடிவு செய்துவிட்டேன். ஏஜென்ட் கோபித்துக்கொண்டார், ஃபைலைத் திருப்பி வாங்கிவிட்டேன். மகளே ஆன்லைனில் போடுகிறாள்.

ஆனால் பேப்பர்தான் கிடைக்கவில்லை. என்னிடம் ஃபைன் ரசீதுகூட இல்லை. வழக்கு நம்பர் நினைவில்லை. கோர்ட்டில் நகல் மனு போடப் போனால் நம்பர் இல்லாமல் தேட முடியாது என்றார்கள். கடைசியில் பக்கத்து விளைக்காரரிடம் போய்ச் சொன்னேன். அவர் மச்சுமேல் ஏறி ஒரு பழைய பிஸ்கட் டின்னை இறக்கினார். ரேஷன் கார்டு, மகன் மார்க் ஷீட், நடுவில் ஒரு பிளாஸ்டிக் கவரில் அவருடைய சம்மன், ரசீது எல்லாம் நாலாக மடித்து வைத்திருக்கிறார். சம்மனின் மடிப்பில் கரையான் ஒரு ஓரத்தைத் தின்றிருந்தது, நம்பர் தப்பித்தது. அவர் எஸ்.டி.சி. (சுருக்க விசாரணை வழக்கு) நம்பருக்கு அடுத்த நம்பர்தான் என்னுடையது.

தக்கலை வக்கீல்

எதிர்க் கேஸ் போட்டதில் ஒரு நன்மை.

திங்கள்சந்தை ரப்பர்காரன்

மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன். வழக்குக் கட்டு அழிக்கப்பட்டுவிட்டதாம், பழைய சின்ன வழக்குகளை அப்படிச் செய்வது உண்டாம். ரிஜிஸ்டரில் இருந்த பதிவைச் சான்றிட்ட நகலாகக் கொடுத்தார்கள். 294(பி), 323, ஒத்துக்கொண்டார், அபராதம் 1,500, கட்டப்பட்டது, தேதி. குற்றப்பத்திரிகையிலேயே 506 இல்லை. எஃப்.ஐ.ஆர். நகலும் எடுத்தாயிற்று. வெட்டுக்கத்தி இல்லை, ‘கையால் கன்னத்தில் அடித்து’ என்றுதான் இருக்கிறது. உண்மையில் நான் அடித்தது தோளில், அதை இனிமேல் யாரிடம் சொல்ல.

மகள் ஒரு பக்கத்தில் நடந்ததை எழுதினாள். நான் ‘அவர்தான் முதலில்’ என்று ஆரம்பித்தேன், அவள் அதை அடித்துவிட்டாள். சென்னை போய்க் கைரேகை கொடுத்துவிட்டு வந்தோம்.

ஸ்கார்பரோ சுண்டல்

அவள் அடித்தது சரி. அதிகாரிக்குத் தேவை என்ன நடந்தது, எப்போது முடிந்தது, அதற்குப் பிறகு ஒன்றும் இல்லை என்பது. வழக்கை அங்கே மறுபடி நடத்தக் கூடாது.

திங்கள்சந்தை ரப்பர்காரன்

பிப்ரவரி. வீட்டுக்காரிக்கு விசா வந்துவிட்டது, எனக்கு ஒரு கடிதம் வந்தது. எஃப்.ஐ.ஆர். மொழிபெயர்ப்பில் ‘கொலை மிரட்டல்’ என்று இருக்கிறதே, அதற்குத் தண்டனை உண்டா என்று கேட்டு முப்பது நாள் கொடுத்தார்கள். கையெல்லாம் நடுங்கியது. வக்கீல் சார் சொன்னபடி, அந்தப் பிரிவு குற்றப்பத்திரிகையிலேயே இல்லை, தண்டனை இரண்டு பிரிவுக்கு மட்டும்தான் என்று ரிஜிஸ்டர் நகலைக் காட்டி, மொழிபெயர்ப்பாளரின் உறுதிமொழியோடு அனுப்பினோம். வீட்டுக்காரி முதலில் தனியாகப் போனாள், முதல் தடவை பிளேன். திருவனந்தபுரத்தில் விட்டுவிட்டு வந்தேன்.

திங்கள்சந்தை ரப்பர்காரன்

மார்ச். வந்துவிட்டது. பேரனுக்கு ஐம்பத்திரண்டு நாள். ரப்பர் வெட்டுக்கும் பால் எடுக்கவும் ஆள் சொல்லியாயிற்று, சாவி பக்கத்து விளையில். அவர் இப்போது என்னிடம் கேட்கிறார், மெல்போர்னில் அவர் மகன் வீடு வாங்கியிருக்கிறானாம், அந்த அட்டையில் அவருக்கும் ‘ஆம்’தானே என்று. ஆம்தான், டின்னைப் பத்திரமாக வை என்று சொன்னேன்.

மார்த்தாண்டம் தேனீ

அண்ணாச்சி, அந்த மொழிபெயர்ப்பாளர் நம்பர் கிடைக்குமா? ஜெர்மனி பார்க்கிறேன்.

திங்கள்சந்தை ரப்பர்காரன்

தனிச் செய்தியில் அனுப்பியிருக்கிறேன் தம்பி. பைக்கை வித்துரு.